மகன் வாயைத் திறந்தபடி தூங்குகிறான்; டேப் ஒட்டலாமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது.

அவருடைய மகனுக்கு வயது 7. விவரம் தெரிந்த நாளிலிருந்து வாயால்தான் மூச்சு விடுகிறான். இரவெல்லாம் குறட்டை. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கழுத்தை நீட்டிக்கொண்டு தூங்குகிறான். காலையில் தலையணை உறை எச்சிலில் நனைந்திருக்கிறது. 5 வயதில் நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் ஆறு மாதமாகத் திரும்ப வந்திருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் ஆகிறது. வாயை மூடி மெல்லச் சொன்னால் நான்கு முறை மென்றுவிட்டு மூச்சு வாங்குகிறான். வகுப்பில் கவனம் இல்லை என்கிறார் ஆசிரியை. மேல் முன்பற்களின் ஈறு சிவந்திருக்கிறது, மேலண்ணம் குறுகலாக இருக்கிறது என்று பல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். சளிக்கு வாங்கிய மூக்குச் சொட்டு மருந்தை மூன்று வாரமாக விடுகிறார்கள். முதலில் நன்றாகக் கேட்டது, இப்போது கேட்பதில்லை.

கணவருக்கும் சிறுவயதிலிருந்தே இதே கதை. வயது 41. ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு இரண்டு மாதமாக வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்குகிறார். மகனுக்கும் ஒட்டலாம் என்கிறார். மாமியாரோ, "வளர்ந்தால் சரியாகிவிடும், என் மகனும் இப்படித்தான் இருந்தான்" என்கிறார். ஒரு மருத்துவர் அடினாய்டை எடுத்துவிடலாம் என்று சொன்னார். பயந்துபோய் இவர்கள் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. இது கெட்ட பழக்கம்தானே, கண்டித்தால் நிற்காதா? முகம் கோணிவிடுமா? ஆக்சிஜன் குறைந்து மூளை பாதிக்குமா? டேப் ஒட்டலாமா, அறுவை சிகிச்சைதான் வழியா? இவை அவருடைய கேள்விகள். கடைசி வரி இது: "ஒரு நாளைக்கு நூறு முறை வாயை மூடு, வாயை மூடு என்கிறேன் டாக்டர். இப்போதெல்லாம் என்னைக் கண்டாலே கையால் வாயைப் பொத்திக்கொள்கிறான்."

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். காது மூக்கு தொண்டைப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது பழக்கமான காட்சி. அம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார், பின்னால் வரும் பிள்ளை என்னைப் பார்த்ததும் உதடுகளை இறுக்கி மூடிக்கொள்ளும். நான் பேச்சுக் கொடுத்தபடியே மனதுக்குள் எண்ணுவேன். பத்து, பதினைந்து, இருபது. அதற்குள் தோள்கள் உயரும், நாசித் துவாரங்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு தண்ணீருக்கு மேலே வந்தவன்போல வாய் திறக்கும். உடனே அம்மா, "பார்த்தீர்களா டாக்டர், சொல்லச் சொல்லக் கேட்பதில்லை" என்பார். அந்தப் பிள்ளை கேட்டான். கேட்டு இருபது விநாடி மூச்சை அடக்கியிருக்கிறான்.

உங்கள் மகன் சாப்பிட ஏன் ஒரு மணி நேரம் ஆகிறது என்பதும் இதில் அடங்கும். நமக்கெல்லாம் மென்றுகொண்டிருக்கும்போதே மூக்கு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அவனுக்கு இருப்பது ஒரே வாசல். உணவும் காற்றும் அதில் முறைவைத்துப் போக வேண்டியிருக்கிறது. நான்கு மெல்லல், ஒரு மூச்சு. இதில் பிடிவாதமும் இல்லை, மரியாதைக்குறைவும் இல்லை. ஆகவே, இன்றிலிருந்து "வாயை மூடு" என்று சொல்வதை நிறுத்திவிடுங்கள். இதைச் சிகிச்சையின் முதல் படியாகவே சொல்கிறேன்.

உங்களைக் குற்றவாளியாக்க எழுதவில்லை. காரணம் தெரியாமல் திட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எந்த வாசல் அடைத்திருக்கிறது?

மூக்கு வெறும் துளை இல்லை. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் உள்ளிழுக்கும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர். அதைத் தூசு நீக்கி, ஈரமாக்கி, உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்து தொண்டைக்கு அனுப்புவது மூக்கின் வேலை. வாய்க்கு இந்த வேலையெல்லாம் அரைகுறையாகத்தான் வரும். அதனால்தான் வாயால் மூச்சு விடுபவர்களுக்குக் காலையில் தொண்டை காய்ந்து கரகரக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த, உலர்ந்த காற்று நேரே உள்ளே போய் இழுப்பைத் தூண்டவும் செய்யும்.

7 வயதுப் பிள்ளையின் மூக்கு அடைபட இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. ஒன்று அடினாய்டு. மூக்கின் பின்கோடியில், அண்ணத்துக்கு மேலே இருக்கும் ஒரு சதைத் திரட்சி. வாயை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு 'தொண்டை சுத்தமாக இருக்கிறது' என்று சொல்வதை வைத்து அடினாய்டு இல்லை என்று முடிவுகட்ட முடியாது; மெல்லிய எண்டோஸ்கோப் குழாயால் மூக்கு வழியாகப் பார்க்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இரண்டாவது ஒவ்வாமை. மூக்கின் பக்கச் சுவர்களில் இருக்கும் சதைத் திட்டுகள் தூசு, பூஞ்சை, பிராணிகளின் செதில் என்று எதற்காவது வீங்கிக்கொண்டே இருக்கும். மூக்கை உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்ப்பது, காலையில் அடுக்குத் தும்மல், கண்ணுக்குக் கீழே கருமை இவை இருந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். பல பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். டான்சில் பெரிதாக இருந்தால் இரவில் நெருக்கடி இன்னும் கூடும்.

வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு சின்னக் கண்ணாடியைக் குளிரவைத்து, அவன் அமைதியாக இருக்கும்போது மூக்குக்குக் கீழே படுக்கை வசமாகப் பிடியுங்கள். வாயை மூடி ஒரே ஒரு மூச்சு மூக்கால் விடச் சொல்லுங்கள். இரண்டு ஆவித் திட்டுகள் படிய வேண்டும். ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் பதற வேண்டாம். இரண்டு நாசிகளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி வீங்குவதும் தணிவதும் ஆரோக்கியமானவர்களுக்கும் உண்டு. இரண்டுமே படியவில்லை என்றாலோ, எப்போது பார்த்தாலும் ஒரே பக்கம் வெறுமையாக இருந்தாலோ குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் நாற்றமடிக்கும் சளியோ இரத்தமோ வந்தால் காத்திருக்காதீர்கள். பிள்ளைகள் மணி, பஞ்சு, சிறு பேட்டரி என்று எதையாவது திணித்துவைத்திருப்பார்கள். அதிலும் பொத்தான் பேட்டரி சில மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும்.

அந்தச் சொட்டு மருந்துக்கு வருவோம். நீங்கள் பெயர் எழுதவில்லை. விட்டவுடன் மூக்கு திறந்துகொண்டது என்பதை வைத்து, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்சிமெட்டாசோலின் வகையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். இவை ஐந்து நாளுக்கு மேல் விடுவதற்கானவை அல்ல. தொடர்ந்து விட்டால், மருந்தின் வேகம் குறைந்ததும் சதை முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி மருந்தைத் தேடுவோம். அடைப்புக்கு மருந்தே காரணமாகிவிடும். பெரியவர்களுக்கான வீரியத்தைக் குழந்தைக்கு விட்டால் ஆபத்தும் உண்டு. நிறுத்திவிடுங்கள். நிறுத்திய சில நாட்கள் அடைப்பு கூடுதலாகத்தான் இருக்கும், உப்புநீர் ஸ்பிரே சற்று ஆறுதல் தரும். மருத்துவரிடம் போகும்போது மூன்று வாரம் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரியாமல் பார்த்தால் மூக்கின் வீக்கம் உள்ளதைவிட மோசமாகத் தெரியும்.

நீங்கள் பயப்படுவதில் எது சரி, எது மிகை?

மூளைக்கு ஆக்சிஜன் போகாதோ என்ற பயத்தைக் காணொளிகள் கிளப்பிவிட்டிருக்கின்றன. விழித்திருக்கும் ஆரோக்கியமான பிள்ளை வாயால் மூச்சு விடுவதாலேயே இரத்த ஆக்சிஜன் குறைந்துவிடாது. ஓடி விளையாடும்போது எல்லோருமே வாயைத் திறக்கிறோம். மூக்கை ஒட்டிய சைனஸ் அறைகளில் நைட்ரிக் ஆக்சைடு ஏராளமாக உற்பத்தியாகிறது என்று 1995இல் கண்டறிந்தார்கள். அது மூச்சோடு நுரையீரலுக்குப் போய் இரத்தக் குழாய்களைச் சற்று விரியச் செய்கிறது என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு சர்வரோக நிவாரணி அளவுக்குப் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம்.

கவலைப்பட வேண்டிய இடம் இரவு. வாய் திறந்தால் கீழ்த்தாடை பின்னால் இறங்குகிறது, அதோடு நாக்கின் அடிப்பகுதியும் சரிந்து தொண்டைக் குழாயைக் குறுக்குகிறது. ஏற்கெனவே அடினாய்டும் டான்சிலும் இடத்தைப் பிடித்திருந்தால், உறக்கத்தில் தசை தளரும்போது காற்று சில விநாடிகள் நின்றேபோகலாம். இதுதான் உறக்கத்தில் வரும் மூச்சுத்தடை. பெரியவர்களிடம் மணிக்கு 5 தடவைக்கு மேல் போனால்தான் இதை நோய்க் கணக்கில் சேர்க்கிறோம்; குழந்தைகளிடம் மணிக்கு ஒரு தடவை என்றாலே கவனிக்கிறோம். கழுத்தை நீட்டித் தூங்குவது, வியர்ப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, காலைத் தலைவலி, பகலில் காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதன் தடயங்கள். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் பகலில் கண்ணயர்வார்கள். பிள்ளைகளோ நேர்மாறாகத் துறுதுறுவென்று ஒரு இடத்தில் நிற்காமல் அலைவார்கள். உங்கள் கடிதத்தில் இவற்றில் இரண்டு இருக்கின்றன. மாமியார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு காத்திருக்கக்கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடினாய்டு 5, 7 வயதுவாக்கில் பெரிதாக இருந்து, பதின்ம வயதில் தானாகவே சுருங்கிவிடும். லேசான அடைப்பு மட்டும் உள்ள பிள்ளைகளுக்கு நானே பொறுத்திருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பிள்ளை வளர்வதும், தாடை உருவாவதும், பள்ளியில் காலூன்றுவதும் அதே ஆண்டுகளில்தானே? போதாக்குறைக்கு, அவர் சாட்சிக்கு அழைத்த மகனே 41 வயதில் வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்குகிறார். அவரிடம் இதைக் கொஞ்சம் மென்மையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பற்களின் நிலைமை கண்ணெதிரே தெரிகிறது. நாம் சாப்பிட்டபின் வாயில் ஊறும் அமிலத்தைக் கழுவித் தணிப்பது உமிழ்நீர். உறக்கத்தில் அது எல்லோருக்குமே குறைவாகத்தான் சுரக்கும். வாய் திறந்திருந்தால் இருக்கிற கொஞ்சமும் காய்ந்துவிடும். காற்று நேரே படும் இடம் மேல் முன்பற்களின் ஈறு. அங்கே மட்டும் பளபளவென்ற சிவந்த பட்டை இருந்தால் பல் மருத்துவர்கள் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்வார்கள். உங்கள் பல் மருத்துவர் கூர்மையானவர், விட்டுவிடாதீர்கள். படுக்கப் போகுமுன் பல் துலக்கியபின் தண்ணீர் தவிர வேறு எதுவும் வாயில் போகக்கூடாது. வாய்நாற்றத்துக்குக் கொப்பளிக்கும் மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள், வறட்சியை அது தீர்க்காது.

அடுத்தது முகம். நாக்கு ஓய்வாக இருக்கும்போது அண்ணத்தில் ஒட்டியிருக்க வேண்டும். உள்ளிருந்து நாக்கு தள்ள, வெளியிலிருந்து கன்னம் அழுத்த, இரண்டுக்கும் நடுவில்தான் மேல்தாடையின் வளைவு அமைகிறது. வாய் எப்போதும் திறந்திருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடுகிறது, கன்னத்தின் அழுத்தம் மட்டும் மிஞ்சுகிறது. அண்ணம் குறுகி உயர்ந்து, பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு முளைப்பதற்கு இது வழிவகுக்கும். எகில் ஹார்வோல்ட் என்பவர் 1970களிலும் அதை ஒட்டியும் ரீசஸ் குரங்குக் குட்டிகளின் மூக்கை அடைத்துவைத்துப் பார்த்தார். அவற்றின் பல்வரிசையும் தாடையும் மாறின; ஆனால் எல்லாக் குரங்குக்கும் ஒரே விதமாக மாறவில்லை. வாயால் மூச்சு விடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முகம் நீண்டுவிடும் என்று யாராவது அடித்துச் சொன்னால் இந்தக் குரங்குகளை நினைத்துக்கொள்ளுங்கள். எலும்பமைப்பில் பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு, உங்கள் கணவரின் பழைய புகைப்படங்களைப் பாருங்கள். ஸ்வீடனின் ஸ்டென் லிண்டர் ஆரான்சன் அடினாய்டு எடுத்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, மூக்கால் மூச்சு விடத் தொடங்கியவர்களின் பல்வரிசை ஓரளவு சீரான பாதைக்குத் திரும்பியது. 7 வயது தாமதமான வயது இல்லை. அண்ணத்தின் இரு பாதிகளும் சேரும் நடுப்பொருத்து இன்னும் இறுகியிருக்காது. தேவைப்பட்டால் அதை விரிவாக்கும் கருவியைப் பொருத்துவது பதின்ம வயதுக்குப் பிறகு செய்வதைவிட இப்போது சுலபம்.

டேப் வேண்டாம்

குழந்தைக்கு ஒட்டாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. மூக்கு அடைத்திருக்கும் பிள்ளைக்கு மிச்சமிருக்கும் ஒரே வாசலையும் பூட்டுவது இது. நள்ளிரவில் வாந்தி வந்தால், சளி கூடினால், பயந்து விழித்தால், அதை உரித்தெறிய அந்தச் சிறு கைக்குச் சட்டென்று தோன்றாது. வாய்மூச்சை டேப் நிறுத்திவிடும் என்பதற்கும் வலுவான சான்று இல்லை. பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2025இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வில் தேறியவை மொத்தம் 10 ஆய்வுகள், 213 பேர். பலன் சிலரிடம் கொஞ்சம், பலரிடம் இல்லை. மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் ஆபத்து என்ற எச்சரிக்கை கூடவே. அந்த ஆய்வுகளில் சிலவற்றில் மூக்கடைப்பு உள்ளவர்களை முதலிலேயே விலக்கிவிட்டார்கள். அதாவது, உங்கள் வீட்டு ஆண்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டிருக்கவே மாட்டார்கள்.

அறுவை சிகிச்சையா, பொறுத்துப் பார்ப்பதா?

எடுத்தவுடனே கத்தியைத் தூக்கும் ஆள் நானில்லை. முதல் கட்டமாக, மருத்துவர் ஒவ்வாமையைப் பார்த்து, உப்புநீர் ஸ்பிரேயோ ஸ்டீராய்டு ஸ்பிரேயோ சில வாரம் கொடுத்துப் பார்ப்பார். ஸ்டீராய்டு என்றதும் மிரளாதீர்கள், மூக்கில் அடிக்கும் அளவு மிகச் சிறியது. ஆனால் அது சொட்டு மருந்துபோல உடனே திறந்துவிடாது, நாள்தோறும் விடாமல் அடித்தால் வாரக்கணக்கில்தான் பலன் தெரியும். அடிக்கும் முறையும் முக்கியம். வலது கையால் இடது நாசியிலும் இடது கையால் வலது நாசியிலும் அடித்தால் மருந்து நடுச்சுவரில் படாமல் பக்கச்சுவரில் படும், மூக்கில் இரத்தம் கசிவதும் குறையும். ஆஸ்திரேலியாவில் 3 முதல் 12 வயது வரையிலான 276 பிள்ளைகளிடம் செய்து 2023இல் வெளியான ஆய்வு எனக்கே ஒரு பாடம். ஆறு வாரத்துக்குப் பின் அறிகுறிகள் நீங்கியவர்கள் ஸ்டீராய்டு ஸ்பிரே அடித்தவர்களில் 44 சதவீதம். வெறும் உப்புநீர் அடித்தவர்களில் 41 சதவீதம். காலப்போக்கில் தானாகவே தேறியவர்களும் இதில் இருப்பார்கள். ஆனாலும் உப்புநீரை அலட்சியமாக நினைக்க வேண்டாம் என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறேன். ஒவ்வாமைக்குத் தரும் மாண்டிலூகாஸ்ட் மாத்திரையை எழுதிக்கொடுத்தால், பிள்ளையின் மனநிலை, கோபம், கெட்ட கனவுகள் மாறுகின்றனவா என்று கண்காணியுங்கள். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே கடும் எச்சரிக்கை விடுத்தது.

உங்கள் மகனிடம் இரவு மூச்சுத்தடையின் தடயங்கள் இருப்பதால் மருந்தோடு நிறுத்தாமல், இரவு முழுவதும் மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவுசெய்து பார்க்கும் தூக்கப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். அதில் மூச்சுத்தடை உறுதியாகி, டான்சிலும் அடினாய்டும் பெரிதாக இருந்தால், அறுவை சிகிச்சைக்கு நல்ல காரணம் இருக்கிறது. 5 முதல் 9 வயது வரையிலான 464 பிள்ளைகளிடம் அமெரிக்காவில் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஏழு மாதம் கழித்துப் பார்த்தபோது, இரண்டையும் எடுத்தவர்களில் 79 சதவீதத்தினருக்கு உறக்கப் பதிவு இயல்பாகியிருந்தது. எடுக்காமல் பொறுத்திருந்தவர்களிலும் 46 சதவீதத்தினருக்கு இயல்பாகிவிட்டது! இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே மனதில் வையுங்கள். எடுக்கச் சொல்பவர் முதல் எண்ணை மட்டும் சொல்வார், வேண்டாம் என்பவர் இரண்டாவதை மட்டும் சொல்வார். அந்த ஆய்வில் பிள்ளைகளின் நடத்தையும் அன்றாட வாழ்வின் தரமும் அறுவை சிகிச்சைக்குப் பின் நன்றாகத் தேறின. ஆனால் கவனத்தை அளக்கும் தேர்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. அறுவை சிகிச்சை முடிந்ததும் மதிப்பெண் ஏறிவிடும் என்ற நம்பிக்கையில் அவனை அழைத்துப் போகாதீர்கள். நன்றாகத் தூங்குவான், எரிச்சல் குறையும். வகுப்பில் கவனம் அப்போதும் குறைவாகவே இருந்தால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

ஆபத்துகள்? மயக்க மருந்துக்குரிய சிறிய ஆபத்து உண்டு. டான்சில் எடுத்தால் ஒரு வாரம், பத்து நாள் தொண்டை வலி. ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் இரத்தக்கசிவு வரக்கூடும், வந்தால் எந்த நேரமானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அடினாய்டு மட்டும் எடுத்தால் இவையெல்லாம் மிகக் குறைவு. குரல் சில வாரம் மூக்கால் பேசுவதுபோல இருக்கலாம். சின்னப் பிள்ளைகளிடம் அடினாய்டு மீண்டும் வளர்வதும் உண்டு. எதிர்ப்பு சக்தி போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அந்த வேலையைச் செய்ய உடலில் வேறு திசுக்கள் நிறைய இருக்கின்றன. வலிக்குக் கோடீன் கலந்த மருந்து மட்டும் கூடாது. டான்சில் எடுத்த குழந்தைகளுக்கு அதைத் தரக்கூடாது என்று 2013இலிருந்தே எச்சரிக்கை உண்டு.

முன்பு பார்த்த மருத்துவரிடமே திரும்பப் போகலாம், வேறு ஒருவரிடமும் கருத்துக் கேட்கலாம். அதில் யாரும் கோபித்துக்கொள்ள இடமில்லை. மருத்துவரிடம், "எண்டோஸ்கோப்பில் தெரிந்ததை எனக்கும் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். அடினாய்டு எத்தனை பங்கு அடைத்திருக்கிறது, டான்சிலையும் எடுக்கிறீர்களா, ஏன், மூன்று மாதம் பொறுத்தால் என்ன நட்டம், அண்ணத்தில் மறைவான பிளவு இல்லை என்று பார்த்தீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம், அப்படிப்பட்ட அண்ணம் உள்ள பிள்ளைக்கு அடினாய்டை எடுத்தால் பேச்சு மூக்கு வழியாகவே ஒழுகிக்கொண்டிருக்கும். பரிசோதனை அறிக்கைகளின் நகலைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. விடை சொல்லப் பொறுமையில்லாதவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டியதில்லை.

வழி திறந்தபிறகும் சில பிள்ளைகள் வாயைத் திறந்தே வைத்திருப்பார்கள். நான்கைந்து வருடம் அப்படி இருந்த உதடும் நாக்கும் ஒரே நாளில் மாறாது. பழக்கம் என்ற சொல்லை அப்போதுதான் பயன்படுத்த வேண்டும். உதட்டை மூடிப் பழகவும் நாக்கை அண்ணத்தில் வைத்துப் பழகவும் பேச்சுப் பயிற்சியாளர்கள் எளிய பயிற்சிகள் தருவார்கள். மூக்கு திறப்பதற்கு முன்னால் அவற்றைச் செய்யச் சொல்வது பிள்ளையை வதைப்பதுதான்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை

இதை அவரே படித்தால் நல்லது. ஐயா, டேப்பை இன்றிரவு ஒட்டாதீர்கள். வாயை ஒட்டியதும் குறட்டை குறைந்தது என்றால் மகிழ்ச்சியடைய அவசரப்படாதீர்கள். சத்தம்தான் நின்றிருக்கிறது, மூச்சுத்தடை நின்றதா என்று தெரியாது. பகலில் தூங்கி வழிகிறீர்கள், போன மாதம் வண்டி ஓட்டும்போது கண்ணசந்தது என்று உங்கள் மனைவி எழுதியிருக்கிறார். எனக்கு உங்கள் மகனைவிட உங்களைப் பற்றித்தான் அதிகக் கவலை. கவனிக்காமல் விட்ட மூச்சுத்தடை இரத்த அழுத்தத்தை ஏற்றும், இருதயத்துக்கும் சுமை. தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அதுவரை நீண்ட தூரம் வண்டி ஓட்டாதீர்கள். மூக்குத் தண்டு வளைந்திருந்தால் சரிசெய்யலாம். அது மட்டும் மூச்சுத்தடையைத் தீர்ப்பது அபூர்வம், ஆனால் இரவில் மூச்சுவழி மூடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி தேவைப்பட்டால் அதைத் தாங்கிக்கொள்ள மூக்கு திறந்திருப்பது பெரிய உதவி. எடை கூடியிருந்தால் குறைப்பதும், மது இருந்தால் இரவில் தவிர்ப்பதும் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

சகோதரி, இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். மகன் தூங்கி இரண்டு மணி நேரம் கழித்து, அவனுடைய மார்பும் முகமும் தெரியும்படி கைபேசியில் மூன்று நிமிடம் காணொளி எடுங்கள். மார்பு ஏறி இறங்குகிறதா, ஏறியும் காற்றுச் சத்தம் கேட்காத இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சுக்காகப் போராடி விழித்தாலோ, நாள் பார்க்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி ஒரு வாரத்துக்குள் நேரம் வாங்குங்கள். காணொளி, பல் மருத்துவரின் குறிப்பு, பாதி காலியான அந்தச் சொட்டு மருந்துப் புட்டி மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். அங்கே காத்திருக்கும் நேரத்தில் அவன் வாய் திறந்தபடியே உட்கார்ந்திருக்கட்டும். மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.